கைநாட்டு வைக்கும் இடம்

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்துகள் மூட்டை சுமக்கிறவன் படியேறுவது போல ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகின்றன. பெரிய சுழி வந்தால் பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இது நாலு நாள் வேலை. பக்கத்து வீட்டு நெட்டையன் தினமும் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்னும் 'அன்பு மகளுக்கு'லயேதான் நிக்கிறீங்களா?" என்று கேட்கிறான். அவன் மூன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டு ஓடிவந்தவன். பொறாமை.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் யார் வேண்டுமானாலும் பேசுவார்கள். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டி ஒருவன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறான் என்றால், அவள் எழுத்தில்தான் பதில் போட வேண்டும்.

ஏழு மாதத்துக்கு முன் எந்த எழுத்தும் எனக்கு எறும்பு வரிசைதான். இன்று சோப்பு உறை, பேருந்தின் நெற்றி, பூட்டிய கடையின் கதவு எல்லாம் படிக்கிறேன். முதியோர் வகுப்பு டீச்சர், "தாத்தா, வழியில பார்க்கிறதை எல்லாம் படிங்க" என்று சொன்னார். படித்ததில் ஒன்று தெரிந்தது: உலகத்தில் எழுதிவைத்திருப்பதில் பாதி பொய். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எங்கே எழுதியிருக்கிறதோ அங்கேதான் குப்பை இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே? உன் சுகாதார நிலையத்தில் வேலை எப்படி? எனக்கு மாலையானால் லேசாகக் காய்ச்சல் வருகிறது, போகிறது. வேறொன்றுமில்லை. மூட்டை அடுக்கு முதுகில் சரிந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தகவல் வருவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

மாத இறுதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏழு வருடமாக மடியில் வைத்துச் சுமக்கிறேனே, அந்த நோயாளிப் புத்தகம், அதை இந்த முறை நானே படிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஊசி போட வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்ப் படித்தேன். பிறகு வெளியே வந்து எல்லாரிடமும் காட்டினேன். ஒரு பாட்டி தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லா முத்து முத்தா இருக்கு" என்று பாராட்டினார்.

நாங்கள் நலம். உங்கள் பேத்திக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. இங்கே நர்ஸ் என்று நான் ஒருத்திதான். இன்னொருவர் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆயிற்று.

அப்பா, காய்ச்சல் எத்தனை நாளாக வருகிறது? உட்காரும் மெத்தையில் ஈரமோ நாற்றமோ இருக்கிறதா? அரை மணிக்கொரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொன்னேனே, செய்கிறீர்களா? உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பின்பக்கம் புண் வந்தால் வலி தெரியாது. கண்ணாடியைக் கீழே பிடித்துத் தினமும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கட்டாயம் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறக்காதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 4

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசி.

நீங்கள் சுகமாக இருப்பது சந்தோஷம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். எழுதுவதற்குக் கை துடிக்கிறது. விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் புதிதாக ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு. மஞ்சள் பெயிண்ட், பளபளவென்று கைப்பிடி. நெட்டையன் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு மேலே போனால், சரிவு முடிகிற இடத்தில் முக்கால் முழத்துக்கு ஒரு படி. கட்டியவன் ஒரு தள்ளுவண்டியைக்கூட ஏற்றிப் பார்த்திருக்கமாட்டான். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் காலால் நடந்து வந்திருப்பார்கள்.

பக்கத்தில் பலகை. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்: 'நடக்க இயலாதோர் உதவி மையம், முதல் மாடி.' லிஃப்ட் உண்டு. லிஃப்டுக்கு ஏற நாலு படி உண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காவலாளி வந்து, "படிக்கத் தெரியுதுல்ல தாத்தா, அப்புறம் என்ன, மேல போங்க" என்றான். இவனைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்துத் தேடிப் பிடிப்பார்களோ?

பதிவு மேசை என் நெற்றி உயரம். உள்ளேயிருந்து, "யாருங்க பேசுறது?" என்று கேட்டார்கள். எங்களுக்கென்று தனியாகக் கக்கூஸ் இருக்கிறது, கதவில் நாற்காலிப் படம் போட்டு. உள்ளே துடைப்பமும் வாளியும் குடியிருக்கின்றன.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் நெட்டையனிடம், "நல்லா சாப்பிடுறாரா?" என்று கேட்டார். நெட்டையன், "அவரையே கேளுங்க சார். காலுதான் போச்சு, வாய் நாலு ஊருக்குப் போதும்" என்றான். உன் பேச்சைக் கேட்டு, படுக்க வைத்துப் பார்க்கச் சொன்னேன். சோதனை மேசை நெட்டையனுக்கே மார்பளவு. "தூக்குறதுக்கு வார்டு ஆளு இல்ல, அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லி இரண்டு வரி எழுதினார். நர்ஸ் மை டப்பாவை நீட்டினார். பழக்க தோஷம், பெருவிரலை வைத்துவிட்டேன்.

மருந்துக்குக் காத்திருக்கும்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். மருந்துப் பெயர்கள் எனக்குப் புரியாத எழுத்து. மற்றதெல்லாம் நம் எழுத்துதான். மை காயாத பக்கத்தில் இப்படி இருந்தது: 'எடை 68. தோல் நன்று. மேசையில் ஏற நோயாளி ஒத்துழைக்கவில்லை.' அதற்கு அடியில் என் பெருவிரல்.

முந்தின பக்கத்தைப் புரட்டினேன். எடை 68. ஒத்துழைக்கவில்லை. என் விரல். அதற்கும் முந்தின பக்கம். 68. ஒத்துழைக்கவில்லை. விரல். ஏழு வருடம் அம்மா! அங்கே இருக்கிற எடை மிஷினில் நின்றால்தான் முள் ஆடும். நான் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. முதல் வருடம் யாரோ கண்ணால் பார்த்துப் போட்ட அறுபத்தெட்டை வருடா வருடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தூக்கத் தெரியாதவன் இவன் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறான். அதற்கு நானே 'ஆமாம் சாமி' என்று முத்திரை குத்தியிருக்கிறேன்.

இதை எழுதியவர்களைக் குருடர்கள் என்று சொல்லமாட்டேன். குருடர் தடவியாவது பார்ப்பார். பேனா முளைத்த மரக்கட்டைகள்! மனிதனைப் பார்க்காமல் மனிதனைப் பற்றி எழுதுகிற ஜென்மங்கள். நாற்பது வருடம் கிடங்கில் எடை போட்டேன். ஒரு மிளகாய் மூட்டைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. அதைக்கூடத் தராசில் ஏற்றித்தான் எண்ணைச் சொல்வோம்.

ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் நீ வந்திருந்தபோது இதே புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான்பா எழுதியிருக்காங்க" என்று சொன்னாயே. இந்த வரி உன் கண்ணில் படவில்லையா?

அன்புடன்,
அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தடுப்பூசி முகாம், அதன் பிறகு தணிக்கை, அதன் பிறகு உங்கள் பேத்திக்குச் சளி. இப்போது எல்லாரும் நலம்.

புதிய மெத்தை ஒன்று அனுப்பியிருக்கிறேன், காற்றடைத்தது. நெட்டையன் மாமாவை அளவாக ஊதச் சொல்லுங்கள், அவர் வேகத்துக்கு ஊதினால் வெடித்துவிடும். முட்டை, பருப்பு நிறையச் சாப்பிடுங்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அப்பா. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்தால் அவர்களும் என்ன செய்வார்கள்?

வகுப்பில் இப்போது என்ன பாடம் நடக்கிறது?

உங்கள் மகள்


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

பேத்தியின் சளி போயிற்றா? மெத்தை வந்தது. நெட்டையன் ஊதிவிட்டு அரை மணி நேரம் தலைசுற்றிப் படுத்திருந்தான்.

இருநூறு பேர் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாய். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு எங்கள் கிடங்குக்கு இருநூறு மூட்டை வரும். இருநூறையும் நிறுப்போம். நூற்றுத் தொண்ணூற்றொன்பதை நிறுத்துவிட்டு, ஒன்றைப் பார்த்து 'இது ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியதில்லை.

அந்த ஞாபகம் வந்ததும் நெட்டையனைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். எங்கள் பெரிய தராசு தரையோடு தரையாக இருக்கும். வண்டியை அப்படியே உருட்டி ஏற்றலாம். பழைய ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "யாரு சரக்கு இது, ரொம்பப் பழசா இருக்கே" என்றான் ஒருவன். "பூச்சி அரிச்சிருக்கா பாருங்கடா" என்றான் இன்னொருவன். வண்டியோடு நிறுத்தார்கள்: எழுபது. பிறகு என்னைத் தூக்கி மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தார்கள்: பத்தொன்பது. சரக்கு எடையிலிருந்து சாக்கு எடையைக் கழிப்பது கிடங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஐம்பத்தொன்று. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களால் ஏழு வருடத்தில் செய்ய முடியாத கணக்கு, வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் முடிந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், எண்ணைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி மட்டும், "அண்ணே, புத்தகத்துல அறுபத்தெட்டுன்னீங்களே, பதினேழு கிலோ எங்கண்ணே போச்சு?" என்று கேட்டான்.

கண்ணாடி விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். மெத்தை உறையைத் தினம் துவைக்கிறேன், கவலைப்படாதே.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். பதிலைக் காணோம். தபால்காரர் அதை மட்டும் வழியில் தொலைத்துவிட்டாரோ?

அப்பா


ஏப்ரல் 14

அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை. பதினேழு கிலோ வயதினால் குறையாது. உறையை ஏன் தினம் துவைக்கிறீர்கள்? அதில் என்ன இருக்கிறது? மாலைக் காய்ச்சல், எடை, உறை மூன்றையும் சேர்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உள்ளே புண் இருக்கிறது. அது எலும்புக்குப் போனால், ரத்தத்தில் கலந்தால், உயிருக்கே ஆபத்து.

வெட்கப்படாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நெட்டையன் மாமாவிடம் காட்டுங்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேசையில் ஏற்றிப் பார்க்காமல் திரும்பாதீர்கள். விடுப்பு கேட்டிருக்கிறேன். மாற்று ஆள் வந்தால்தான் விடுவார்களாம்.

மகள்


ஏப்ரல் 28

அன்பு மகளுக்கு,

நெட்டையன் போனில் உனக்கு எல்லாம் உளறிவிட்டான் என்று தெரியும். ஆனாலும் நடந்ததை நான்தான் எழுத வேண்டும். அவன் சொன்னால் அவன்தான் கதாநாயகனாக இருப்பான்.

வார்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணைக்கு முன்னால் அட்டையை வைத்து எழுதுகிறேன்.

நெட்டையனிடம் காட்டினேன். "என்னடா, எவ்வளவு பெருசு?" என்றேன். "சட்டைப் பொத்தான் அளவுதாண்ணே" என்றான். பொய் சொல்லும்போது அவனுக்குக் குரல் மெலியும். "எந்தச் சட்டைடா?" என்றேன். அழுதுவிட்டான். "உள்ள விரல் போகும்ணே" என்றான். எனக்கு இதெல்லாம் முன்பே கொஞ்சம் தெரியும். உறையில் வாடை வந்து இரண்டு மாதமாகிறது. பெற்ற மகளுக்கு எழுதுகிற விஷயமா என்று விட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் போனோம். அதே சரிவு, அதே படி, அதே டாக்டர். "புண் இருக்கு, பாருங்க" என்றேன். "வார்டு ஆளு ரெண்டு பேரும் லீவு. அடுத்த வாரம் வாங்க தாத்தா" என்று சொல்லி எழுதினார். நர்ஸ் மை டப்பாவைத் திறந்தார்.

"பேனா குடும்மா" என்றேன்.

"எதுக்கு தாத்தா? பெருவிரல் போதும்."

"விரல் ஓய்வுபெற்றுடுச்சு. பேனா குடு."

புத்தகத்தை வாங்கி முதலில் படித்தேன். 'தோல் நன்று. மேசையில் ஏற நோயாளி ஒத்துழைக்கவில்லை.' அதற்கு அடியில், கைநாட்டு வைக்கிற கட்டத்தில், எழுத ஆரம்பித்தேன். என் வேகம் உனக்குத் தெரியும். பின்னால் வரிசை முனகியது. "பெரியவர் சொத்து எழுதி வைக்கிறாரா?" என்றார் ஒருவர். கட்டம் போதவில்லை, ஓரத்தில் ஏறிப் போனேன். அரை மணி ஆயிற்று. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, சத்தமாகப் படித்தார்:

'நான் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. மேசை உயரம். என்னைத் தூக்க ஆள் வரவில்லை. என் உடம்பில் புண் இருக்கிறது. அதை இன்று இந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கவில்லை.'

டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க எழுதக் கூடாது" என்றார்.

"கைநாட்டு வைக்கிற இடம் என்னோடதுதானே சார்? உங்க இடத்துல நான் ஒரு புள்ளி வைக்கல. என் இடத்துலதான் எழுதியிருக்கேன்."

பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தார். பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறார்கள், கிழித்தால் தெரிந்துவிடும். இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு யார் மாட்டிக்கொள்வார்கள்? அந்த நர்ஸ் எழுந்து போய் ஆம்புலன்ஸில் இருக்கிற தாழ்வான ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நெட்டையனும் காவலாளியும் அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஏழு வருடம் நடக்காதது எட்டு நிமிடத்தில் நடந்தது. ஸ்ட்ரெச்சர் அத்தனை வருடமும் வாசலில்தான் நின்றிருக்கிறது. ஒருவனுக்கும் தோன்றவில்லை! பேனாவால் தலை சொறிவதற்கென்றே பிறந்தவர்கள்.

பார்த்த டாக்டர், "ஏன் தாத்தா இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்டார். எலும்பு தெரிகிறதாம். அன்றே சேர்த்துவிட்டார்கள்.

நீ எப்போது வருகிறாய்?

அப்பா


மே 24

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். மூன்று நாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். புண்ணைத் துடைத்தேன், கஞ்சி கொடுத்தேன், நெட்டையன் மாமாவோடு சண்டை போட்டேன். நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வரி போன வருடமே என் கண்ணில் பட்டது அப்பா. ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்தேன். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் பெரிய நர்ஸ் சொல்லிக் கொடுத்தார்: "'எங்களால முடியல'ன்னு எழுதினா கேள்வி நம்மகிட்ட வரும். 'ஒத்துழைக்கல'ன்னு எழுதினா கேள்வி அவங்களோட போயிடும்." பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். கை தானாகவே எழுதும்.

இங்கேயும் மேசை மார்பளவுதான். போன செப்டம்பரில் ஒரு தையல்காரம்மா வந்தார். உங்களைப் போலவே வண்டி. மாதவிலக்கு நின்று நாலு வருடம் கழித்து ரத்தம் போகிறது என்றார். மேசையில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் ஒருத்தி, வெளியே அறுபது பேர். எழுதினேன், அதே வரியை. சத்துமாத்திரை கொடுத்து அனுப்பினேன். பிறகு அவர் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் மார்ச் மாதம் எழுதிய கடிதத்தை இதுவரை பத்துத் தடவை படித்திருப்பேன்.

உங்கள் மகள்


ஜூன் 11

மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெட்டையனிடம் காட்டவில்லை. பதினைந்து நாள் பேனாவைத் தொடவில்லை. பார்க்க வந்த வகுப்பு டீச்சரிடம் கை வலி என்று பொய் சொன்னேன்.

மரக்கட்டை என்று எழுதினேன். மனிதனைப் பார்க்காமல் எழுதுகிற ஜென்மம் என்று எழுதினேன். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன். இப்போது தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பன்னிரண்டு வருடம். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா? உன் அப்பன் உடம்பில் புண் வந்தபோது 'உயிருக்கே ஆபத்து' என்று உனக்கு ஒரே நாளில் தெரிந்தது. அந்த அம்மாவின் ரத்தம் என்னவென்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சத்துமாத்திரை கொடுத்தாய். தெரியாத மடையனை மன்னிக்கலாம்.

உனக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. நாற்பது வருடம் எடை போட்டவனிடம் அப்படி ஒரு கதை இல்லாமலா இருக்கும்? சொல்லமாட்டேன். சொன்னால் உனக்கு மனம் லேசாகிவிடும். இப்போது லேசாகக் கூடாது.

அந்த அம்மாவின் முகவரி உன் பதிவேட்டில் இருக்கும். போ. நாளைக்குப் போகலாம் என்று நினைக்காதே. போய்ப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை என்னைச் சுகமா என்று கேட்காதே.

அப்பா


ஜூன் 23

அப்பா,

போனேன்.

நிலையத்திலிருந்து மூன்றே தெரு தள்ளி, ஒரு தையல் கடையின் பின்னறை. வாசலில் நின்ற என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அடடே, நர்ஸம்மாவா! ஒத்துழைக்காதவளைத் தேடி வீட்டுக்கே வந்துட்டீங்களே" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியும் அப்பா. அன்றைக்கே வாசலில் வைத்துத் தன் புத்தகத்தைப் படித்திருக்கிறார். அதனால்தான் திரும்ப வரவில்லை.

எட்டு கிலோவாவது இளைத்திருப்பார். கண்ணால் பார்த்த எடைதான், அதனால் பதிவேட்டில் எழுதவில்லை. ரத்தம் இன்னும் போகிறது. அவர் துணி வெட்டும் மேசை முழங்கால் உயரம்தான். வண்டியிலிருந்து தானாகவே அதில் நகர்ந்து படுத்தார். யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தேன். நல்லதாகத் தெரியவில்லை. மறுநாளே ஆம்புலன்ஸில் நானும் கூடப் போய் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் உங்க வீட்டுல கொண்டுபோய் வைங்க. அடுத்து யாராவது வண்டியில வந்தா, பேனாவைத் தூக்குறதுக்கு முன்னாடி ஆளைத் தூக்குங்க" என்றார். வழியெல்லாம் வேறு ஒன்றும் பேசவில்லை.

பழைய பதிவேடுகளை எடுத்துவைத்திருக்கிறேன். அதே வரி இதுவரை முப்பத்தொரு பேருக்கு இருக்கிறது. இன்னும் நாலு வருடப் பதிவேடு பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போகிறேன்.

மகள்


ஜூலை 3

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசி.

இனி நீ என்னைச் சுகமா என்று கேட்கலாம். கேட்காமலேயே சொல்கிறேன். புண் சுருங்கி வருகிறது, இப்போது உண்மையாகவே சட்டைப் பொத்தான் அளவுதான். நெட்டையனின் குரல் மெலியவில்லை, கவனித்தேன். காய்ச்சல் இல்லை. கிடங்குத் தராசில் ஐம்பத்து நாலு. வகுப்புக்கு மறுபடி போகிறேன். பேத்திக்குப் பல் முளைத்ததா? மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில் உன்னோடு வருகிறாரா, வீட்டில் முணுமுணுக்கிறாரா? முணுமுணுத்தால் என்னோடு பேசச் சொல்.

முப்பத்தொரு பேர். சின்னக் கணக்கில்லை. ஆனாலும் எண்ணைச் சொல்லியிருக்கிறாய். நிறுத்துச் சொன்ன எண்.

நம் ஆஸ்பத்திரியின் கூத்தைக் கேள். நான் எழுதிய பக்கம் மேலிடம் வரை போயிற்றாம். பட்டனை அழுத்தினால் இறங்கி ஏறுகிற புதுச் சோதனை மேசை வந்துவிட்டது. நேற்று திறப்பு விழா. ரிப்பன், போட்டோ, மாலை. மாலை போட்டுக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். "மேசை எங்க சார்?" என்றேன். பெரிய டாக்டர் பெருமையாக விரலை நீட்டினார். மாடியில்! கீழே இடமில்லையாம். அதனால் விழாவை மாடியில் நடத்திக்கொண்டு, எனக்கு மாலையைக் கீழே கொடுத்தனுப்பினார்கள். நெட்டையன் மாலையை வாங்கி எடை மிஷினுக்குப் போட்டான். இவர்களிடம் ஒரு படகைக் கொடுத்தால் மலையுச்சியில் கட்டி வைத்துவிட்டுத் தேங்காய் உடைப்பார்கள்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பதிவு மேசைக்குப் பின்னாலிருந்து, "தாத்தா, எழுதிடாதீங்க, எழுதிடாதீங்க" என்று ஒரு குரல். இப்போது ஆள் தெரிகிறது அவர்களுக்கு.

அந்தத் தையல்காரம்மாவின் முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, மூடாமல் எழுது. நகரத்துக்கு அவர் போகும்போதெல்லாம் நீயும் போ. அவர் பேசாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திரு. பேசச் சொல்லிக் கேட்காதே.

இந்த வாரம் எனக்குப் பேனா வேறு வேலைக்கு வேண்டும். ஒரு மேசையை மாடியிலிருந்து கீழே இறக்க எத்தனை கடிதம் ஆகும் என்று பார்க்கப் போகிறேன். முதல் கடிதத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்திருக்கிறேன்; மதிப்பைப் போட மனம் வராமல் ஒரு நாள் போயிற்று. உனக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா